மாஸ்டர் போட்ட நொச்சி வேலி

ஐம்பத்தேழு வயது வரை மாஸ்டர் எந்தச் செடிக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவர் அல்ல. அவர் ஊற்றியதெல்லாம் டீதான். ஒரு பெரிய அலுவலகத்தின் கேண்டீனில் முப்பத்தோரு வருடமாக டீ போடுகிறார். நானூறு பேரில் யாருக்குச் சர்க்கரை ஆகாது, யாருக்கு அரை டம்ளர் போதும், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து ஸ்ட்ராங்காகக் கேட்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. செடி விஷயத்தில் மட்டும் சுத்த சூனியம். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு லீவு நாளில் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு வாய்க்கால் கரைக்குக் கிளம்பினார் என்றால் அது பொழுதுபோக்குக்காக இல்லை. அவர் மனைவி வீட்டை விட்டு நடக்க ஆரம்பித்திருந்தாள்.

தெருவில் அவளுக்குச் செக்கரம்மா என்று பெயர். சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் செக்கராக இருந்தவள். தைத்து முடித்த சட்டை அவள் மேஜைக்கு வரும். காலரை மடக்கிப் பார்ப்பாள், பொத்தானை இழுத்துப் பார்ப்பாள், உள்பக்கம் திருப்பி நூலைப் பார்ப்பாள். பிறகு பாஸ் அல்லது ரிஜெக்ட். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. கல்யாணமான புதிதில் மாஸ்டர் பெருமையாகப் போட்டுக் கொடுத்த டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஆடை மிதக்குது" என்று திருப்பிக் கொடுத்தவள் அவள். ஊருக்கே டீ போடுகிறவர் தன் வீட்டில் பாஸ் ஆக ஆறு மாதம் பிடித்தது.

அப்படிப்பட்டவள் ஒருநாள் ஒற்றைக் கை மட்டும் வைத்த சட்டையைப் பாஸ் செய்து அனுப்பிவிட்டாள். தொழிற்சாலையில் முதலில் சிரித்தார்கள். மறுவாரம் இன்னொன்று. பிறகு சிரிக்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் தலையைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு மறதி நோய் என்றார், இது கூடிக்கொண்டேதான் போகும் என்றார், மாத்திரை எழுதினார். ஐம்பத்தாறு வயதில் இதெல்லாம் வருமா என்று மாஸ்டர் கேட்டதற்கு, வந்திருக்கிறதே என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது?

தொழிற்சாலை அவளை விட்டதே தவிர அவள் தொழிற்சாலையை விடவில்லை. காலை எட்டு மணி ஆனால் கைப்பையை மாட்டிக்கொண்டு, "ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவாள். போகிற வழியில்தான் பைபாஸ் ரோடு. அவர்கள் வீடு தெருவின் கடைசி வீடு. இரண்டு பக்கம் அடுத்த வீடுகளின் சுவர். முன்பக்கமும் வலப்பக்கமும் அப்பட்டமாகத் திறந்து கிடந்தன, எல்லாம் சேர்த்து அறுபது அடி. அதைத் தாண்டினால் ஒரு காலி மனை, அதையும் தாண்டினால் லாரிகள். நடுவில் தடுப்பு என்று சொல்ல ஒரு கயிறுகூடக் கிடையாது.

முதலில் மாஸ்டர் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து திறந்தால் கதவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்து வீங்கியிருந்தன. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா வந்து, "அண்ணே, நாள் முழுக்கத் தட்டினாங்க. எங்கிட்ட சாவியும் இல்ல. நான் மெஷினையே நிறுத்திட்டு அழுதுட்டேன்" என்றாள். அன்றைக்கே பூட்டைக் கழற்றி எறிந்தார், பகலில் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி அக்காவிடம் சொல்லிவைத்தார். டாக்டரிடம் சொன்னபோது, "அடைச்சு வைக்காதீங்க, நடக்க விடுங்க, ஆனா வெளியில போயிடாம பாத்துக்கோங்க" என்றார். அந்த டாக்டரை அறுபது அடி அகலத் திறப்பின் முன்னால் ஒரு நாள் நிற்க வைத்திருக்க வேண்டும்.

சுவர் எழுப்பக் கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டு மாஸ்டருக்குப் புரையேறியது. முள்கம்பி மலிவுதான். ஆனால் பிடித்து இழுத்துப் பார்க்காமல் அவள் எதையும் விடமாட்டாள், கை கிழிந்துவிடும். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "அப்பா, ஏதாவது ஹோம்ல சேத்துடலாமா? நானும் எத்தன தடவ லீவு போட்டு வர்றது" என்றாள். அவள் மேல் தப்பில்லை. "பாக்கலாம்மா" என்று மாஸ்டர் போனை வைத்தார். பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது, வேலையையும் விட முடியாது. கை பிசைவதைத் தவிர அந்த மாதம் அவர் உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரி உண்டு. அந்த நர்சரிக்காரர் கேண்டீனுக்குத் தொட்டிச் செடி கொடுக்க வரும்போதெல்லாம் ஓசி டீ குடிப்பவர். மாஸ்டர் விலை விசாரித்தார். மஞ்சள் இலை, சிவப்பு இலை என்று எங்கிருந்தோ வந்த வேலிச்செடிகளை அவர் வரிசையாகக் காட்டினார். மாஸ்டர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுக் கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"இதெல்லாம் பாக்கத்தான் அழகு மாஸ்டர். தண்ணிக்கும் மருந்துக்கும் அழுதே மாளணும். எதுக்கு காசு? வாய்க்கால் கரையில நொச்சி காடா கெடக்கு. ஆடாதொடையும் இருக்கு. நம்ம மண்ணுல தானா வந்தது. ரெண்டையும் ஆடு வாயே வைக்காது. முள்ளும் கெடையாது."

"முள்ளு இல்லாம வேலியா?"

"நெருக்கமா வச்சு பின்னி விட்டீங்கன்னா கோழிகூட நுழையாது. பென்சில் கனத்துக்குக் குச்சி வெட்டுங்க. ஒன்றரை சாண். அடிப்பக்கம் சாய்வா வெட்டு, தலைப்பக்கம் நேரா வெட்டு. அப்பதான் எது கால், எது தலைன்னு தெரியும். தலைகீழா நட்டுட்டு எங்கிட்ட வராதீங்க."

செலவில்லாத வேலை என்றால் மாஸ்டருக்குக் கைவந்த கலை. கேண்டீனில் தினமும் நாற்பது பால் கவர் காலியாகும். அதைக் கழுவி, அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டால் நாற்றுப் பை தயார். வாய்க்கால் வண்டல் ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, வீட்டு மண் ஒரு பங்கு. அத்தோடு நிற்காமல் தன் தொழில் கெட்டிக்காரத்தனத்தையும் காட்டி, கேண்டீனில் வடிகட்டிய டீத்தூளை அள்ளிக் கலந்தார். அதில் பாலும் சர்க்கரையும் இருக்கும் என்பது டீ மாஸ்டருக்கே தோன்றவில்லை. மறுநாள் தெருவிலுள்ள எறும்பெல்லாம் அவர் வீட்டில்தான். பிறகு டீத்தூளை மூன்று தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்துச் சேர்த்தார்.

மழை தொடங்கியதும் இருநூறு குச்சி வைத்தார். வீட்டுப் பக்கவாட்டில், நிழலில், பத்துப் பத்தாக இருபது வரிசை. பதினைந்தாம் நாள் கணுவில் பச்சையாக மொக்கு விட்டது. மாஸ்டர் கேண்டீனில் அன்றைக்குப் பாதிப் பேருக்குச் சர்க்கரை கூடப் போட்டுவிட்டார். இருபதாம் நாள் மொக்கு வாடியது. ஒரு மாதத்தில் இருநூறும் காய்ந்து விறகாக நின்றன.

இன்னொரு இருநூறு வைத்தார். அதுவும் அதே கதி. நர்சரிக்காரர் மண்ணை முகர்ந்து பார்த்தார், ஒரு குச்சியைப் பிளந்து பார்த்தார். "நொச்சி வராத மண்ணு ஒண்ணு இருக்குன்னா அது உங்க வீட்லதான் மாஸ்டர்" என்று கைவிரித்துவிட்டார்.

காரணம் ஒரு லீவு நாளில் தெரிந்தது. மாஸ்டர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தார். செக்கரம்மா நாற்றுப் பைகளுக்கு முன்னால் குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பையிலிருந்து குச்சியை உருவினாள். அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். மண்ணைத் தட்டினாள். விரலால் தடவினாள். திரும்ப அதே பையில் செருகி, மண்ணை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனாள். ஒரு பை தப்பவில்லை. இருபது வரிசையையும் அவள் தினமும் இப்படிப் பார்த்து முடித்துவிட்டுத்தான் இருந்திருக்கிறாள். எந்தக் குச்சி வேர் விடும்?

மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றார். கோபம் தலைக்கு ஏறியிருந்தது. இரண்டு மாத உழைப்பு.

"என்னம்மா பண்ற?"

"வேர் இல்லங்க" என்றாள், நிமிராமல். "ஒண்ணுலயும் இல்ல. இத எப்படி பேக்கிங்குக்கு அனுப்புறது? லைன்ல யாரு தைக்கிறாங்கன்னு கேளுங்க. பொம்பளப் புள்ளைங்கள திட்டாதீங்க, சொல்லிக் குடுங்க."

கோபம் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. யாரைத் திட்டுவது? அவள் வேலையை அவள் பார்த்திருக்கிறாள். ஒழுங்காகவும் பார்த்திருக்கிறாள். "சொல்றேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து ஈரத் துண்டோடு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது தடவை அவர் உஷாரானார். இருநூறு பையையும் கேண்டீன் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அடுக்கினார். யாரும் தொடவில்லை. குச்சிகள் அசையாமல் நின்றன. பிரச்சினை தீர்ந்தது என்று அவர் நினைத்த நாலாம் நாள் தையல்கார அக்காவிடமிருந்து போன். "அண்ணே, ஊசிக்கு நூல் கோத்து நிமிர்றேன், ஆளக் காணோம். நீங்க உடனே வாங்க."

பைபாஸின் நடுத்திட்டில் கைப்பையைக் கட்டிக்கொண்டு அவள் நின்றிருந்தாள். இரு பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒரு டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். மாஸ்டரைப் பார்த்ததும் அந்த டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டட்டும். அந்த மனிதர் காலில் விழலாம் போல மாஸ்டருக்கு இருந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் செக்கரம்மா ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்: "மேஜையில ஒண்ணுமே இல்லங்க. ஸ்டாக் வரல. அதான் நேர்ல போய்க் கேக்கலாம்னு..."

அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அந்த இரண்டு மாதத்தில் அவள் ஒரு நாள்கூட வாசலைத் தாண்டவில்லை. அந்தச் செத்துப்போன நானூறு குச்சிதான் அவளை வீட்டில் வைத்திருந்தது. வேலி வளர்ந்து அவளைத் தடுக்கும் என்று இவர் காத்திருந்தார். வளராத வேலி அதைச் செய்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு நர்சரி. மாடியில் இருப்பது நிஜம். வீட்டில் இருப்பது செக்கரம்மாவின் ஸ்டாக். தினமும் சாயங்காலம் வாய்க்கால் கரையில் இறங்கி ஒரு கட்டுக் குச்சி வெட்டிக்கொண்டு வந்து பைகளில் செருகி வைப்பார். மறுநாள் அவர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் உருவிப் பார்த்து, முன்பு போலத் திரும்பச் செருகாமல் இடப்பக்கம் குவித்து வைத்திருப்பாள். இடப்பக்கம் என்றால் ரிஜெக்ட். வலப்பக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. நாள் முழுக்க ரிஜெக்ட் செய்துகொண்டே இருந்தால் ஒரு மனுஷிக்கு மனசு விட்டுப்போகாதா?

மாடியிலிருந்து வேர் விட்ட கன்று ஒன்றைக் கொண்டுவந்து நடுவரிசையில் ஒளித்து வைத்தார். அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் அதைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். வெள்ளை வெள்ளையாக வேர் தொங்கியது.

"பாருங்க, இது பாஸ். ஒரு நூலு பிரியல."

முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. பிறகென்ன, தினமும் ஒரு நல்ல கன்று வீட்டுக்குப் பலியாயிற்று. நர்சரிக்காரர், "வேலிக்கு வளக்குறீங்களா, வெளையாட்டுக்கு வளக்குறீங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடித்துக்கொள்ளட்டும், இன்னும் நூறு குச்சி வைத்தால் போயிற்று.

அடுத்த மழைக்குக் கன்றுகள் முழங்கால் உயரம் வந்தன. மாஸ்டர் வாசலுக்கு நாலடி விட்டு, மீதி ஐம்பத்தாறு அடிக்கும் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் பறித்து, அடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று விலக்கி நட்டார். நொச்சி ஒன்று, ஆடாதொடை ஒன்று. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு. இரண்டு நாள் லீவு போட்டுக் கூடவே உட்கார்ந்து காவல் காத்தார். மூன்றாம் நாள் வேறு வழியில்லை, வேலைக்குப் போக வேண்டியிருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனார்.

தையல்கார அக்கா சாயங்காலம் சொன்னாள்: "முதல் செடியிலேர்ந்து கடைசி செடி வரைக்கும் இழுத்துப் பாத்தாங்கண்ணே. நான் மெஷின விட்டுட்டு ஓடியாந்தேன். ஒண்ணுகூட அசையல. ஒவ்வொண்ணையும் தட்டிக் குடுத்துட்டு, பாஸு, பாஸுன்னு சொல்லிக்கிட்டே போனாங்க."

மாஸ்டர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். வெட்கப்படவில்லை. அக்காவும் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலி வளர்ந்தது. தலையை வெட்டினால்தான் கீழே அடைக்கும் என்று நர்சரிக்காரர் சொன்னபோது மாஸ்டருக்குக் கத்தி எழவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார், அடியிலிருந்து புதர் கட்டியது. பக்கக் கிளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வளைத்துப் பழைய துணிக் கிழிசலால் கட்டினார். இரண்டாம் வருட மழை முடிந்தபோது தோள் உயரம். நர்சரிக்காரர் வந்து கையை விட்டுப் பார்த்து, முழங்கைக்கு மேல் போகாமல் இழுத்துக்கொண்டார். வாசலுக்கு மட்டும் பழைய இரும்புக் கடையிலிருந்து ஆள் உயரக் கேட் ஒன்று வாங்கி மாட்டினார். வெளியில் பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி அக்காவிடம். பென்ஷனுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவளை வாசல் முழுக்க நடக்கவிட்டு, நிம்மதியாக டீ ஆற்றினார்.

நோய் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவள் குச்சிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஸ்டூல் மழையில் கிடந்தது. வேலியின் ஓரமாக நடப்பாள், திரும்புவாள், நடப்பாள். மகளைப் போனில் "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். மாஸ்டரை மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அதில் அவருக்கு ஒரு ரகசியப் பெருமை இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து பூட்டைத் திறந்தார். கேட் நகரவில்லை. உள்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருந்ததை அவர் பொருட்படுத்தியதே இல்லை. அவள் அதைப் போட்டுவிட்டுக் கம்பிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"தாழ்ப்பாள எடும்மா."

அவள் எடுக்கவில்லை. அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "யாரு வேணும் உங்களுக்கு?"

மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார். "நான்தாம்மா." கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டார். அவள் அலறிப் பின்வாங்கினாள். கையை எடுத்துவிட்டார். மெதுவாகத் திறந்தாலும் உள்ளே ஒரு அந்நிய ஆள் வந்துவிட்டதாகத்தான் அவளுக்கு இருக்கும். வீட்டுக்குள் ஓடி விழுந்து வைப்பாள். வேலியில் ஏதாவது சந்து இருக்கிறதா என்று அவர் கண் தானாகத் தேடியது. சந்து வைத்து அவர் நடவில்லை.

தையல்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "நான் சொல்றேன், இருங்கண்ணே" என்றாள். அவளையும் செக்கரம்மாவுக்குத் தெரியவில்லை. மாஸ்டர், "நீ போம்மா, பயப்படுறா" என்று அனுப்பிவிட்டார். பிறகு கேட்டிலிருந்து நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். அவர் தூரப் போனதும் அவள் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

"வீட்ல ஆம்பள இல்லங்க" என்றாள், மரியாதையாக. "அவரு வேலைக்குப் போயிருக்காரு. வந்தப்புறம் வாங்க."

"எப்ப வருவாரு?"

"ஆறு மணிக்கு வந்துடுவாரு."

மாஸ்டர் கையில் கடிகாரம் ஆறே கால் காட்டியது. பிறகு, "வராம இருந்துட்டா?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதெப்படி வராம இருப்பாரு? என்னை விட்டுட்டு அவரு எங்க போவாரு?" என்றாள்.

"சரிம்மா, வரட்டும்" என்றார் மாஸ்டர். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவர் தலைக்கு மேலாகத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.